நரைக்குள் பிறக்கும் கறுப்பு

வாழைக்காயை நறுக்கி அப்படியே வைத்துவிட்டு அடுப்பைக் கவனிக்கப் போனால், திரும்பி வருவதற்குள் துண்டுகள் கறுத்துக் கிடக்கும். அதனால்தான் நறுக்கியதும் தண்ணீரிலோ மோரிலோ போடுகிறோம். காயைக் கறுக்க வைப்பது அழுகல் இல்லை. அதன் சதையில் டோப்பமின் போன்ற நிறமற்ற சிறு மூலக்கூறுகள் இருக்கின்றன. கத்தி பட்டுச் செல்கள் உடைந்ததும், செம்பு அணுவைச் சுமக்கும் ஒரு நொதி அவற்றைக் காற்றிலுள்ள ஆக்சிஜனோடு வினைபுரிய வைக்கிறது. அப்படி ஆக்சிஜனேற்றம் அடைந்தவை ஒன்றையொன்று பற்றிக்கொண்டு பெருத்துக் கரிய நிறமியாகின்றன. தண்ணீர் காற்றைத் தடுக்கிறது. மோரின் புளிப்பு நொதியின் வேகத்தைக் குறைக்கிறது.

நம் தலைமுடி கறுப்பாக இருப்பதும் இதே வழியில்தான். முடியின் வேரில், தோலுக்கு அடியில் இருக்கும் சிறு குமிழில், மெலனோசைட் என்னும் நிறமிச் செல்கள் குடியிருக்கின்றன. அவை டைரோசின் என்ற நிறமற்ற அமினோ அமிலத்தை எடுத்து, டைரோசினேஸ் என்ற நொதியால் ஆக்சிஜனேற்றம் செய்து, மெலனின் ஆக்குகின்றன. வாழைக்காயின் நொதியைப் போலவே இதுவும் செம்பைச் சுமக்கும் நொதிதான். உண்டான மெலனின் மணிமணியாக வளரும் முடிக்குள் ஏற்றி அனுப்பப்படுகிறது. தோலைத் தாண்டி வெளியே வந்தபின் முடிக்கு உயிர் கிடையாது. வேரில் ஏற்றிய நிறம்தான் நுனிவரைக்கும்.

நிறமற்ற சிறு மூலக்கூறு ஆக்சிஜன் பட்டுப் பெருத்துக் கறுப்பது என்ற இந்த ஒரே வேலையைத்தான் மனிதர்கள் நரைக்குச் சாயம் ஏற்றும்போதும் செய்துவருகிறார்கள். கறுப்பை வெளியிலிருந்து பூசினால் நிற்காது. முடிக்குள்ளேயே அது பிறக்க வேண்டும். இது புரிந்துவிட்டால், டை பாக்கெட்டில் பொடி எழுத்தில் அச்சிட்டிருக்கும் விதிகள் ஒவ்வொன்றுக்கும் காரணம் விளங்கும். ‘காதோரத்தில் மட்டும் பிடிக்கவே மாட்டேன் என்கிறது’ என்ற புலம்பலுக்கும் விடை கிடைக்கும். ஆபத்து எங்கே ஒளிந்திருக்கிறது என்பதும் தெரியும்.

முதலில் நரை. மெலனின் இல்லாத முடியிழை லேசான மஞ்சள் கலந்த வெள்ளை. அதில் சாம்பல் நிறம் என்று ஒன்று இல்லை. வெள்ளை இழைகளும் கறுப்பு இழைகளும் கலந்து நிற்பதைத் தூரத்திலிருந்து பார்க்கும் கண்தான் சாம்பல் என்று எடுத்துக்கொள்கிறது. ஏற்கெனவே வளர்ந்த கறுப்பு முடி இரவோடு இரவாக வெளுப்பதும் இல்லை. பழைய முடி உதிர்ந்து, அந்த இடத்தில் அடுத்த முடி வளரும்போது நிறமிச் செல்கள் வேலைக்கு வராவிட்டால் அது வெள்ளையாக முளைக்கிறது. ஒன்றைப் பிடுங்கினால் பக்கத்தில் நாலு நரைக்கும் என்பார்கள். ஒரு மயிர்க்காலில் நடப்பது பக்கத்து மயிர்க்காலைப் பாதிப்பதில்லை. பிடுங்கிப் பிடுங்கி அந்த மயிர்க்காலைக் கெடுத்துக்கொள்ளலாம், அவ்வளவுதான்.

நிறமிச் செல்கள் ஏன் வராமல் போகின்றன? மயிர்க்காலின் மேற்பகுதியில் நிறமிச் செல்களுக்கான குருத்தணுக்கள் இருக்கின்றன. ஒவ்வொரு முடிச் சுழற்சியிலும் அவை இறங்கிவந்து புதிய மெலனோசைட்டுகளைத் தர வேண்டும். வயது ஏற ஏற இந்தக் கையிருப்பு தீர்கிறது, அல்லது இருந்த இடத்திலேயே சிக்கிக்கொள்கிறது. அப்படிச் சிக்கி நிற்பதை நியூயார்க் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2023-இல் எலிகளில் காட்டினார்கள். 2009-இல் இங்கிலாந்தின் பிராட்ஃபோர்டு பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த குழு வேறொரு காரணத்தைக் கண்டது. நரைத்த மயிர்க்கால்களில் ஹைட்ரஜன் பெராக்சைடு சேர்ந்து கிடக்கிறது. உடலில் இயல்பாக உண்டாகும் இந்தப் பொருளை உடைத்துப் போடும் கேட்டலேஸ் நொதி அங்கே குறைந்துபோகிறது. தேங்கிய பெராக்சைடு டைரோசினேஸைச் செயலிழக்கச் செய்கிறது. டைப் பெட்டியில் வரும் ‘டெவலப்பர்’ பாட்டிலில் இருப்பதும் இதே ஹைட்ரஜன் பெராக்சைடுதான். வேருக்குள் நிறத்தைக் கெடுத்த பொருளைக் கொண்டே தண்டுக்குள் நிறத்தை உண்டாக்குகிறோம்.

கவலைப்பட்டால் நரைக்கும் என்ற நம்பிக்கைக்கு 2020-இல் வலுவான ஆதாரம் கிடைத்தது. ஹார்வர்டில் யா-சியே ஷூவின் ஆய்வகத்தில், மன அழுத்தத்துக்கு ஆளான எலிகளின் நரம்பு முனைகள் நார்அட்ரீனலினைக் கொட்டுவதையும், அதனால் நிறமிக் குருத்தணுக்கள் மொத்தமும் ஒரே நேரத்தில் கிளர்ந்து தீர்ந்துபோவதையும் பார்த்தார்கள். இதைப் படித்தபோது எனக்குப் பிசிராந்தையார்தான் நினைவுக்கு வந்தார். ஆண்டு பல ஆகியும் உமக்கு ஏன் நரைக்கவில்லை என்று கேட்டவர்களுக்குப் புறநானூற்றில் அவர் காரணம் அடுக்குகிறார்: மாட்சி மிக்க மனைவி, அறிவு நிரம்பிய மக்கள், சொன்னதைச் செய்யும் ஏவலர், முறை தவறாத அரசன், பண்பு நிறைந்த சான்றோர் வாழும் ஊர். அவர் அடுக்கியது முழுக்க மன அமைதிக்கான காரணங்கள். எலிக்குக் கண்டதை மனிதருக்கு அப்படியே பொருத்த முடியாது, பரம்பரையின் பங்கு மிகப் பெரிது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். ஆனாலும் அந்தப் புலவரின் கவனிப்பை நான் வியக்கிறேன்.

இருபது, இருபத்திரண்டு வயதிலேயே இளநரை கண்டால் பித்தம் என்று விட்டுவிட வேண்டாம். வைட்டமின் பி12 குறைவும் தைராய்டு கோளாறும் அதற்குக் காரணமாக இருக்கலாம். டை வாங்குமுன் ஒரு ரத்தப் பரிசோதனை நல்லது.

இனி, சாயம் ஏன் சில இடங்களில் மட்டும் அடம் பிடிக்கிறது என்பதைப் பார்ப்போம். ஒரு முடியின் குறுக்களவு ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. அந்த மெல்லிய இழைக்குள்ளும் அடுக்கு இருக்கிறது. வெளியே செதில்செதிலாக ஒன்றன்மேல் ஒன்று படிந்த மேலோடு. அதற்குக் கியூட்டிகிள் என்று பெயர். உள்ளே கெரட்டின் புரத நார்களால் ஆன தண்டு. மெலனின் மணிகள் அங்கேதான் இருக்கும். சாயம் நிலைக்க வேண்டுமானால் அதுவும் அந்தத் தண்டுவரை போயாக வேண்டும். வழியில் பல அடுக்குச் செதில்கள் நிற்கின்றன. புதிதாக வளர்ந்த முடியில் அந்தச் செதில்களின் மேல் மெல்லிய கொழுப்புப் படலம் ஒன்று ரசாயனப் பிணைப்பால் ஒட்டியிருக்கிறது. தண்ணீரை அண்டவிடாத படலம் அது. எண்ணெய் போல ஷாம்பூவில் கழுவி எடுத்துவிட முடியாது.

டை அடிக்கும் காரக்கலவை இந்தப் படலத்தைக் கரைத்து எடுத்துவிடுகிறது. கரைந்தது திரும்ப வளராது, முடிக்குத்தான் உயிர் இல்லையே. அதனால் ஒருமுறை டை கண்ட முடி அடுத்த முறை தண்ணீரையும் சாயத்தையும் தாராளமாக உறிஞ்சுகிறது. வேரருகே புதிதாக முளைத்த ஒரு சென்டிமீட்டர் மட்டும் படலத்தோடு முறைத்துக்கொண்டு நிற்கிறது. மாதாமாதம் தலை முழுக்க வேரிலிருந்து நுனிவரை அடிப்பவர்களுக்கு நுனி காக்கைக் கறுப்பாகி, வகிட்டில் மட்டும் பழுப்பாகத் தெரிவது இதனால்தான்.

நரைக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. கறுப்பு முடியின்மேல் டை படும்போது உள்ளே ஏற்கெனவே மெலனின் இருக்கிறது. சாயம் பாதி ஏறினாலும் குறை தெரியாது. வெள்ளை இழையில் பின்னால் நிற்க ஒன்றுமே இல்லை. முழுக் கறுப்பையும் சாயமே தர வேண்டும். நெற்றியோரம், காதோரம், கிருதா, வகிடு ஆகியவற்றில் நரை அடர்த்தியாகச் சேர்ந்திருப்பவர்கள் பலர். சிலருக்கு அந்த நரைமுடி கறுப்பு முடியைவிடத் தடித்து, முரட்டுத்தனமாகவும் இருக்கும். கண்ணாடியில் முதலில் தெரிவதும் அந்த இடங்கள்தான். எனவே அடிப்பவர் கவனமும் சாயத்தின் சோதனையும் ஒரே இடத்தில் வந்து சேர்கின்றன.

செயற்கைச் சாயத்தின் கதை லண்டனில் தொடங்குகிறது. 1856-இல் வில்லியம் பெர்கின் என்ற 18 வயது மாணவர் மலேரியாவுக்கான குயினைனைச் செயற்கையாகச் செய்ய முயன்று, ஊதா நிறச் சாயம் ஒன்றைக் கண்டுபிடித்தார். அவருடைய ஆசிரியர் ஆகஸ்ட் வில்ஹெல்ம் ஹாஃப்மன். அவர்தான் 1863-இல் பாரா-ஃபினைலீன் டையமின் என்ற பொருள் ஆக்சிஜனேற்றம் அடையும்போது பழுப்பு நிறம் தருவதைக் குறிப்பிட்டார். சுருக்கமாக பிபிடி என்பார்கள். அதைத் தலைமுடிக்குக் கொண்டுவந்தவர்களில் பெயர் நிலைத்தவர் யூஜீன் ஷூலர் என்ற பிரெஞ்சு வேதியியலாளர். 1907-இல் சாயம் தயாரித்துப் பாரிஸ் முடிதிருத்துவோருக்கு விற்றார், 1909-இல் நிறுவனம் தொடங்கினார். அதுதான் பிற்பாடு லோரியால் ஆனது. நூறு ஆண்டுக்கு மேல் ஓடியும் அடிப்படை வினை மாறவில்லை.

அந்த வினையை நான் மிகவும் ரசிக்கிறேன். பெட்டியில் இரண்டு பாட்டில்கள், அல்லது இரண்டு குழாய்கள் இருக்கும். ஒன்றில் பிபிடி போன்ற சிறு மூலக்கூறும், அதோடு இணையக்கூடிய ரிசார்சினால் போன்ற ‘கப்ளர்’ எனப்படும் துணை மூலக்கூறுகளும், அமோனியா போன்ற காரமும் இருக்கின்றன. இன்னொன்றில் ஹைட்ரஜன் பெராக்சைடு. இரண்டையும் கலந்ததும் காரம் முடியை உப்பச் செய்கிறது. செதில்கள் நெகிழ்ந்து எழும்புகின்றன. நிறமற்ற சிறு மூலக்கூறுகள் அந்த இடுக்குகளில் நுழைந்து தண்டுக்குள் போகின்றன. பெராக்சைடும் பின்தொடர்ந்து போய் அவற்றை ஆக்சிஜனேற்றம் செய்கிறது. அந்தக் கணத்தில் பிபிடி அடங்காத வேகமுள்ள ஒரு பொருளாக மாறுகிறது. பக்கத்தில் எந்தத் துணை கிடைத்தாலும் பற்றிக்கொள்ளும். இரண்டு, மூன்று என்று சேர்ந்து பெரிய வண்ண மூலக்கூறாகிறது. வந்த இடுக்கு வழியாகத் திரும்பிப் போக இப்போது முடியாது. எத்தனை முறை தலைக்குக் குளித்தாலும் நிறம் நிற்பதற்கு இந்தப் பருமன்தான் காரணம். எந்தத் துணை எவ்வளவு என்பதைப் பொறுத்துச் சாயல் மாறும். ஒன்று பச்சை கலந்த பழுப்பைத் தரும், ஒன்று சிவப்புச் சாயலை, இன்னொன்று நீலத்தை. பெட்டியில் ‘நேச்சுரல் பிளாக்’, ‘டார்க் பிரவுன்’ என்று எழுதியிருப்பதெல்லாம் இந்தக் கலப்பு விகிதம்தான்.

உள்ளே போகும்வரை சிறியதாக இருக்க வேண்டும், போனபின் பெரிதாக வேண்டும். இந்த ஒரு வரியிலிருந்து வீட்டுக்கான விதிகள் பிறக்கின்றன. கலந்த சாயத்தை மிச்சம் பிடித்து நாளைக்கு என்று வைத்தால், மூலக்கூறுகள் கிண்ணத்திலேயே பெருத்துவிடும். மறுநாள் அதைத் தடவினால் தோல் கறுக்கும், நரை கறுக்காது. மூடியை இறுக்கி வைத்தால் பெராக்சைடிலிருந்து வெளியேறும் ஆக்சிஜன் அழுத்தம் சேர்ந்து பாட்டிலே வெடிக்கக்கூடும். தலையில் தடவிய பத்தாவது நிமிடம் கலவை கன்னங்கரேலென்று ஆவதைப் பார்த்து, ‘பிடித்துவிட்டது’ என்று கழுவப் போகிறவர்கள் உண்டு. காற்று பட்ட மேற்பரப்புதான் கறுத்திருக்கிறது. முடிக்குள் வேலை நடந்துகொண்டே இருக்கிறது. பிடிவாதமான நரைக்கு அந்த மீதி நிமிடங்கள்தான் உயிர்.

இலைச் சாயங்களிலும் இதே அறிவு இருக்கிறது, அதுவும் ஆயிரக்கணக்கான ஆண்டுகளாக. அவுரியை எடுத்துக்கொள்ளுங்கள். நீலி என்றும் சொல்வோம். திண்டிவனம், விழுப்புரம் பக்கம் இன்றும் பயிராகிறது. பச்சை இலையில் நீலம் இல்லை. இண்டிகான் என்ற நிறமற்ற பொருள்தான் இருக்கிறது. இலைப்பொடியை வெதுவெதுப்பான நீரில் குழைத்ததும் இலையின் நொதி அதை உடைத்து இண்டாக்சில் என்ற சிறு மூலக்கூறை விடுவிக்கிறது. அது முடிக்குள் நுழைந்து, காற்றின் ஆக்சிஜன் பட்டு, இரண்டிரண்டாக இணைந்து நீலமாகிறது. தண்ணீரில் கரையாத நீலம் அது. ஐரோப்பிய ஆய்வகங்களில் வகுத்த வழியை ஓர் இலை முன்பே வைத்திருந்தது. அவுரிக் குழம்பைக் குழைத்த கால் மணி நேரத்துக்குள் தலையில் வைத்துவிட வேண்டும் என்று கைப்பழக்கம் உள்ளவர்கள் சொல்வதன் காரணமும் இதுவே. இரவு முழுக்க வைத்தால் நீலம் கிண்ணத்திலேயே உருவாகிவிடும்.

மருதாணியின் வழி வேறு. அதன் சாயமான லாசோன் முடிக்குள் போய்ப் பெருப்பதில்லை. உள்ளே போய்க் கெரட்டின் புரதத்தையே நேராகப் பற்றிக்கொள்கிறது. உலர்ந்த இலையில் சுமார் 1 சதவீதம்தான் இருந்தாலும் அதன் பிடி உறுதியானது. இலையில் கட்டுண்டு கிடக்கும் லாசோன் விடுபட நேரம் வேண்டும். எலுமிச்சைச் சாறு போன்ற புளிப்போடு சில மணி நேரம் ஊற வேண்டும். ஆக மருதாணியை ஊற வைக்க வேண்டும், அவுரியை ஊற வைக்கக் கூடாது. இரண்டையும் ஒன்றாகக் கலந்து இரவெல்லாம் வைத்துவிட்டு ‘இயற்கைச் சாயம் பிடிக்கவில்லை’ என்று கைவிட்டவர்கள் அதிகம். இலையின் குற்றம் இல்லை அது.

வெள்ளை முடியில் மருதாணி மட்டும் வைத்தால் பளிச்சென்ற செம்மஞ்சள் வரும், அவுரி மட்டும் வைத்தால் நீலமோ பச்சையோ கலந்த விபரீத நிறம். முதல் நாள் மருதாணி வைத்து இரண்டு மூன்று மணி நேரம் கழித்துத் தண்ணீரில் அலசி, அதன்மேல் அவுரி வைத்தால், செம்மஞ்சளும் நீலமும் ஒன்றின் மேல் ஒன்று விழுந்து கரும்பழுப்பாகிறது. கழுவியதும் பச்சை தட்டினால் பயப்பட வேண்டாம். ஆக்சிஜனேற்றம் முடிந்து உண்மையான நிறம் தெரிய ஓரிரு நாள் ஆகும். அதுவரை ஷாம்பூ போடாதீர்கள். பொறுமை உள்ளவர்களுக்கு இது நல்ல வழி என்பது என் கணிப்பு. ஒரு எச்சரிக்கை மட்டும்: ஜி6பிடி என்ற நொதிக் குறைபாடு உள்ளவர்களுக்கு, முக்கியமாகக் கைக்குழந்தைகளுக்கு, மருதாணி ரத்தச் சிவப்பணுக்களை உடைக்கக்கூடும்.

பாட்டிமார் மருதாணியை இரும்புச் சட்டியில் ஊறப்போட்டதிலும் நெல்லிக்காய், கடுக்காய்ப் பொடியைச் சேர்த்ததிலும் ஒரு வேதியியல் இருக்கிறது. நெல்லியிலும் கடுக்காயிலும் உள்ள துவர்ப்புப் பொருளான டானின் இரும்போடு சேர்ந்தால் கறுப்பாகும். கடுக்காயும் இரும்பும் கொண்டு அந்தக் காலத்தில் எழுதும் மையே செய்தார்கள். சட்டியிலிருந்து கரைந்த சொற்ப இரும்பு மருதாணியின் சிவப்பைக் கொஞ்சம் அடக்குகிறது. கரிசலாங்கண்ணி எண்ணெய் பற்றியும் கேட்பார்கள். முடிக்கு எண்ணெய்ப் பதமும் மினுமினுப்பும் தரும். வெள்ளையாக முளைத்த முடியை அது கறுப்பாக்காது.

முடிக்குள்ளேயே நிறத்தைப் பிறப்பித்த இன்னொரு பழைய முறை, கேட்டால் திகைக்க வைப்பது. கிரேக்க, ரோமானியக் காலத்தில் ஈய ஆக்சைடையும் சுண்ணாம்பையும் தண்ணீரில் குழைத்துத் தலையில் பூசி நரையைக் கறுப்பாக்கினார்கள். பிரான்சின் ஃபிலிப் வால்டரும் குழுவினரும் 2006-இல் அதை மறுபடி செய்து நுண்ணோக்கியில் பார்த்தார்கள். கெரட்டின் புரதத்தில் உள்ள கந்தகத்தோடு ஈயம் சேர்ந்து, முடித்தண்டுக்குள்ளேயே ஈய சல்ஃபைடு படிகங்கள் வளர்ந்திருந்தன. ஒவ்வொன்றும் ஏறக்குறைய 5 நானோமீட்டர். இரண்டாயிரம் ஆண்டுக்கு முன்பே, தெரியாமலே, மனிதர்கள் நானோ தொழில்நுட்பம் செய்திருக்கிறார்கள். ஈயம் நஞ்சு என்பதால் இந்தப் பாதை மூடப்பட வேண்டியது. ஈய அசிடேட் கலந்த முடிச்சாயங்களுக்கு இருந்த அனுமதியை அமெரிக்காவின் உணவு மருந்து நிர்வாகம் ரத்து செய்ய முடிவெடுத்தது 2018-இல்தான்.

இனி வீட்டுக் கண்ணாடி முன் நிற்போம். முதல் நாளே சீயக்காயோ ஷாம்பூவோ போட்டுக் குளித்துவிடுங்கள். தேங்காய் எண்ணெய் ஊறிய தலையில் சாயம் வழுக்கும். அதே நாளில் தலையைப் பரபரவென்று தேய்த்துக் குளித்தால் தோல் எரியும். டெவலப்பரில் ‘20 வால்யூம்’ என்று இருப்பது 6 சதவீத பெராக்சைடு, அதாவது ஒரு லிட்டர் கரைசல் 20 லிட்டர் ஆக்சிஜனை விடும் என்று கணக்கு. நரைக்கு இதுவே போதும். அடம் பிடிக்கிறதே என்று 30, 40 வால்யூமுக்குத் தாவுவது தவறு. அது இருக்கும் மெலனினையும் வெளுத்து, முடியையும் கெடுத்து, நரையை மட்டும் அப்படியே விட்டுவிடும். நிறத்தேர்விலும் கவனம் வேண்டும். பர்கண்டி, செம்பு போன்ற அலங்காரச் சாயல்கள் வெள்ளை முடியில் கண்ணைப் பறிக்கும். அவை பிடித்தமென்றால் அதே நிறுவனத்தின் ‘நேச்சுரல்’ சாயலைப் பாதியளவு சேர்த்துக்கொள்ளச் சொல்கிறார்கள் பார்லர்காரர்கள். அடித்தளமான சாயலில்தான் நரையை மூடும் அளவுக்கு நிறமி இருக்கிறது. அட்டைக் கறுப்பைவிடக் கரும்பழுப்பு நம் முகங்களுக்கு இயல்பாக இருக்கும் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

உலோகக் கிண்ணம் வேண்டாம், உலோகம் பெராக்சைடைச் சிதைக்கும். பிளாஸ்டிக்கோ கண்ணாடியோ போதும். கையுறை கட்டாயம். அடம் பிடிக்கும் இடத்திலிருந்தே தொடங்குங்கள். நெற்றியோரமும் காதோரமும் முதலில், பின்னந்தலை கடைசியில். முடியை மெல்லிய பிரிவுகளாக வகிடெடுத்து, வேரில் தாராளமாக, குழைவாக வையுங்கள். சிக்கனமாகத் தடவிய மெல்லிய பூச்சு காய்ந்துவிடும். காய்ந்த இடத்தில் மூலக்கூறு நகராது. ஷவர் கேப் போட்டுக்கொண்டால் ஈரமும் உடல் வெப்பமும் உள்ளேயே நிற்கும். நேரத்தைக் கடைசிப் பிரிவைத் தடவி முடித்ததிலிருந்து எண்ணுங்கள். துண்டுச்சீட்டில் சொன்ன நேரம் முழுதும் வைக்க வேண்டும். அதற்கு மேலும் வேண்டாம், பிடிக்கும் வேலை அதற்குள் முடிந்திருக்கும், மிஞ்சுவது தோலுக்குத்தான் தீங்கு.

இவ்வளவு செய்தும் கிருதா மட்டும் வெள்ளையாக நின்றால், பார்லர்களில் ஒரு உத்தி உண்டு. சாயமில்லாத டெவலப்பரை மட்டும் அந்த இடத்தில் தடவிச் சில நிமிடம் வைத்து, பஞ்சால் ஒற்றி எடுத்துவிட்டு, அதன்மேல் சாயம் வைக்கிறார்கள். செதில் முன்கூட்டியே நெகிழ்ந்திருக்கும். மேற்சொன்ன எல்லாம் சரியாகச் செய்தும் பயனில்லை என்றால் மட்டும் இதை நாடுங்கள். அடுத்த மாதம் சாயத்தை வேரில் வளர்ந்ததற்கு மட்டும் வைத்தால் போதும். கழுவியபின் பெட்டியில் தரும் கண்டிஷனரைத் தவறாமல் போடுங்கள். அதன் லேசான அமிலத்தன்மை காரத்தைத் தணித்து, உப்பிய முடியைச் சுருங்கச் செய்கிறது.

இப்போது ஆபத்துக்கு வருகிறேன். முடிக்குள் துணை தேடி அலையும் அதே மூலக்கூறு, தோலில் பட்டால் தோலின் புரதத்தையே துணையாகப் பற்றிக்கொள்ளும். பற்றியதும் அந்தப் புரதம் நம் நோய் எதிர்ப்பு அணுக்களுக்கு அந்நியமாகத் தெரிகிறது. ஒருமுறை அடையாளம் கண்டுகொண்டால் அவை மறப்பதில்லை. அடுத்தமுறை ஓரிரு நாளில் தலையோரம் அரித்து, கண் இமை வீங்கி, நீர் வடியும் கொப்புளங்கள் வரலாம். ‘பத்து வருஷமாக அடிக்கிறேன், ஒன்றும் ஆகவில்லை’ என்பது உத்தரவாதம் ஆகாது. உடல் என்று அடையாளம் காணும் என்று யாராலும் சொல்ல முடியாது. அதனால்தான் ஒவ்வொரு முறையும் காதுக்குப் பின்னால் அல்லது முழங்கை மடிப்பில் கொஞ்சம் தடவி 48 மணி நேரம் பார்க்கச் சொல்கிறார்கள். ஐந்து நிமிடம் தடவிப் பார்ப்பது சோதனை ஆகாது, இந்த ஒவ்வாமை தாமதமாகத்தான் வரும்.

பாக்கெட்டின் முன்பக்க வாசகங்களை நம்ப வேண்டாம். ‘அமோனியா இல்லை’ என்றால் வேறொரு காரம் இருக்கிறது என்று பொருள், பிபிடி இல்லை என்று பொருள் இல்லை. ‘பிளாக் ஹென்னா’ என்ற பெயரைப் பார்த்தால் இன்னும் கவனம். சுத்தமான மருதாணி ஒருநாளும் கறுக்காது. அரை மணியில் கறுக்கும் பொடியில் பெரும்பாலும் பிபிடிதான் இருக்கும். பின்பக்கம் உள்ள பொருள் பட்டியலைப் படியுங்கள். ஐரோப்பிய ஒன்றியத்தில் தலையில் வைக்கும் நிலையில் பிபிடி 2 சதவீதத்தைத் தாண்டக்கூடாது என்று சட்டமே இருக்கிறது. புருவத்துக்கும் இமைக்கும் தலை டையை ஒருபோதும் தடவாதீர்கள். 1933-இல் அமெரிக்காவில் ‘லாஷ் லூர்’ என்ற இமைச்சாயத்தால் பெண்கள் பார்வை இழந்தார்கள். அதில் இருந்தது பிபிடி வகைப் பொருள். 1938-இல் அந்த நாடு உணவு, மருந்து, அழகுப்பொருள் சட்டம் கொண்டுவந்ததற்கு அந்தத் துயரமும் ஒரு காரணம்.

புற்றுநோய் வருமா என்று எல்லோரும் கேட்கிறார்கள். உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை, நாள்தோறும் சாயத்தில் புழங்கும் முடிதிருத்தும் தொழிலாளர்களுக்கு ஆபத்து இருக்கக்கூடும் என்று வகைப்படுத்தியிருக்கிறது. தனக்குத் தானே அடித்துக்கொள்பவர்கள் விஷயத்தில் முடிவு சொல்லச் சான்று போதாது என்கிறது. 1,17,200 அமெரிக்கச் செவிலியரை 36 ஆண்டுகள் தொடர்ந்து கவனித்து 2020-இல் வெளியான ஆய்வில், டை அடிப்பவர்களுக்கு மொத்தத்தில் புற்றுநோய் கூடவில்லை. சில வகைகளில் மட்டும் சிறு உயர்வு காணப்பட்டது. அச்சத்தில் கைவிடவும் வேண்டாம், அலட்சியமும் வேண்டாம். கையுறையும் திறந்த ஜன்னலும் செலவில்லாத பாதுகாப்பு. நம் சலூன்களில் வெறுங்கையோடு நாள் முழுக்க டை கலக்கும் தம்பிகளுக்கும் அக்காக்களுக்கும் முதலாளிகள் முதலில் வாங்கித் தர வேண்டியது நல்ல கையுறை.

வீட்டில் குழந்தைகள் இருந்தால் டைப் பொடியையும் பாட்டிலையும் பூட்டி வையுங்கள். வயிற்றுக்குள் போனால் தொண்டை வீங்கி மூச்சு அடைபடும், தசை சிதைந்து சிறுநீரகம் கெடும். அதற்கென்று மாற்று மருந்து கிடையாது. ஒரு நிமிடமும் தாமதிக்காமல் பெரிய மருத்துவமனைக்குப் போக வேண்டும். டை அடித்து ஒருமுறை முகம் வீங்கியிருந்தால், வேறு நிறுவனத்தின் டையை முயன்று பார்க்காதீர்கள். பெயர் மாறினாலும் மூலக்கூறு அதேதான், இரண்டாவது முறை தாக்கம் கடுமையாக இருக்கும். பாக்கெட்டைத் தூக்கி எறியாமல் கையோடு எடுத்துக்கொண்டு தோல் மருத்துவரிடம் போங்கள்.